வயர்லெஸ் மவுஸ் திணறினால் முதலில் ரிசீவரை நகர்த்திப் பாருங்கள்

வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் காப்பி ஆகும்போது வயர்லெஸ் மவுஸ் திணறினால் அது லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) கோளாறு, டிஸ்ட்ரோவை, அதாவது நிறுவியிருக்கும் லினக்ஸ் வகையை, மாற்றுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் அதுவல்ல. டிஸ்க்கை இணைக்கும் யூஎஸ்பி 3.0 கேபிளும் கனெக்டரும் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012லேயே இதை அளந்து வெளியிட்டது. கணினியில் செருகும் மவுஸின் குட்டி ரிசீவரும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது, அதுவும் டிஸ்க்குக்கு அடுத்த போர்ட்டிலேயே உட்கார்ந்துகொண்டு.

டிஸ்ட்ரோவை அழிக்கும் முன் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். பெரிய ஃபைலைக் காப்பி போட்டுவிட்டு, கர்சரை மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள்; விட்டுவிட்டுத் தாவும். காப்பி ஓடும்போதே ரிசீவரை ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மவுஸ் அருகே வையுங்கள். தாவல் நின்றால் இரைச்சல்தான். வயர் மவுஸும் அதே நேரத்தில் திணறினால் மென்பொருள் பக்கம் தேடலாம்.