கொம்பு எங்கம்மா போச்சு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்டுகள்) முடிந்தாலும் முடிந்தது, எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் கல்யாணப் பேச்சைவிட ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பேச்சு அதிகமாகிவிட்டது. விண்டோஸ் 11 போடலாமா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாமா, பேசாமல் ஆப்பிளின் மேக் வாங்கிவிடலாமா? ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. நானும் என் பங்குக்கு எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பி.காம். கரூரில் நாலைந்து ஜவுளி ஏற்றுமதிக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஆனால் வீட்டில் வைஃபை வராவிட்டாலும் பிரிண்டர் உறுமினாலும் ஏலம் போடுவது என் பெயரைத்தான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: “எந்த ஓஎஸ் நல்லது” என்று கேட்பதே தப்பு. அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார், அவர்களால் எதை விட முடியாது? இது தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் அது வந்த விதம்தான் இந்தப் பதிவு.

அப்பா கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். அவர் கற்றது இன்றைய கீபோர்டு இல்லை, பழைய டைப்ரைட்டர். இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு முதல் பாடமான “யளனகபக” என்றால் விரல் தானாக அசையும். இப்போதும் தெருவில் யாருக்காவது பட்டா மாறுதல் மனு, ரேஷன் கார்டு மனு என்றால் அப்பாவிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டார். காபி கொடுத்து அனுப்புவது நாங்கள்.

அவருடைய கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம். விண்டோஸ் 7-இல் தொடங்கி 10 வரைக்கும் அதிலேயே ஓட்டினார். என்எச்எம் ரைட்டர் என்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் முறை இருந்ததால் பிரச்சினை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்டோபருக்கு அப்புறம் நான்தான் பயந்துபோய் ஒரு சர்வீஸ் கடைப் பையனைக் கூப்பிட்டேன். கடை பெயர் வேண்டாம்.

“ஃபார்மட் அடிச்சு 11 போட்டுரலாங்க்கா. சி டிரைவ்ல ஒண்ணும் இல்லையே?”

நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “சி-ல ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் முன்னாடியேதான் வெச்சிருக்கேன்.”

முன்னாடி என்றால் டெஸ்க்டாப். அந்த டெஸ்க்டாப் இருப்பதே சி டிரைவுக்குள் என்று அப்பாவுக்குத் தெரியாது, பையனும் திறந்து பார்க்கவில்லை. ஆறு வருஷ மனுக்கள், தாத்தா பற்றி எழுதி வைத்திருந்த நாற்பது பக்கம், எல்லாம் அரைமணி நேரத்தில் போச்சு. நாற்பது பக்கத்தில் இருபத்தெட்டு பக்கத்தை என் மெயிலில் தேடிப் பிடித்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரெண்டு நாள் அந்த அறைக்குள் போகாமல் மட்டும் இருந்தார்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். நான்காம் தலைமுறை மெஷினில் அந்தச் சோதனையை ஏமாற்றித்தான் ஏற்ற முடியும். பையன் அதைத்தான் செய்திருந்தான். ராமும் போதவில்லை, பழைய ஹார்ட் டிஸ்க் வேறு. ஆன் செய்துவிட்டுப் போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. இதில் விண்டோஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாட்டுக்கு அந்த வண்டி ஆகாது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அப்பா ஒருவழியாக உட்கார்ந்தார். பையன் போட்டுவிட்டுப் போனது ஒலிமுறைக் கீபோர்டு, அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கிற மாதிரி. அப்பாவின் விரல்கள் பழைய பழக்கத்தில் ஓட, திரையில் என்னென்னவோ வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: “கொம்பு எங்கம்மா போச்சு?”

இந்தக் கொம்பு சமாசாரம் கொஞ்சம் சொல்லணும். டைப்ரைட்டரில் ‘கெ’ அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க. காகிதத்தில் இடமிருந்து வலமாக என்ன தெரிகிறதோ அந்த வரிசை. இன்றைய கம்ப்யூட்டர்கள் எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் நேரெதிர்: உள்ளே முதலில் க, அதன் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படும். தமிழ்99 என்கிற கீபோர்டு முறையும் அப்படித்தான், க அடித்து எ அடிக்கணும். என்னைப் போல் பிறகு கற்றவர்களுக்கு அது சுலபம், நியாயமான முறையும்கூட. ஆனால் முப்பத்தோரு வருஷம் கொம்பை முன்னால் அடித்தவரிடம் போய் “இனிமேல் பின்னால் அடிங்கப்பா” என்றால்? வலது கையால் சாப்பிடுகிறவரை இடது கைக்கு மாறச் சொல்வது போலத்தான். ஆக அப்பாவுக்கு வேண்டியது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. கொம்பு முன்னால் வரணும்.

இதை என் சித்தப்பா பையனிடம் புலம்பினேன். அவன் லினக்ஸ் பைத்தியம். பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்கிற லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. கூடப் படித்தவர்கள் பலபேர் முதல் வாரமே அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்டார்கள். இவன் அழிக்காமல் நோண்டினான், அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பென்டிரைவோடு வந்து இறங்கினான். “உடனே நிறுவ வேணாங்க்கா. பென்டிரைவ்லயே ஓட்டிக் காட்டறேன். பெரியப்பா ஒரு பக்கம் அடிச்சுப் பாக்கட்டும். புடிக்கலீன்னா பிடுங்கிட்டுப் போயிர்றேன்.”

எனக்கு லினக்ஸ் மேல் நம்பிக்கை வந்த இடம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு ஓஎஸ்ஸையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். சேலை எடுக்கப் போனால் பிரித்துத் தோளில் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா?

அவன் கொண்டுவந்தது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான வகை. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. பணம் கிடையாது, உரிமச் சாவி கிடையாது. ஐபஸ் என்கிற உள்ளீட்டு நிரலைப் போட்டு அதில் தமிழ் டைப்ரைட்டர் முறையைச் சேர்த்தான். அப்பா கொம்பை அடித்தார், க-வை அடித்தார். ரெண்டும் சேர்ந்து ‘கெ’ என்று உட்கார்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஐயா, வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நான்” என்று ஒரே மூச்சில் அடித்து முடித்தார். அன்று சாயந்திரமே நிறுவியாச்சு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று மட்டும் வாங்கினோம். இடதுகை மூலையில் மெனு, கீழே கடிகாரம், எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஜாடை. அப்பா இன்னும் அதை விண்டோஸ் என்றுதான் சொல்கிறார். நானும் திருத்தவில்லை.

இதைப் படித்துவிட்டு “அப்போ நீங்களும் லினக்ஸா அக்கா?” என்று கேட்காதீர்கள். நான் விண்டோஸ் 11. என் லேப்டாப் பத்தாம் தலைமுறை, இலவசமாகவே ஏறிவிட்டது. என் பிழைப்பு டேலி என்கிற கணக்கு மென்பொருளில் இருக்கிறது, டேலி விண்டோஸ் மென்பொருள். விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் ‘ஒயின்’ என்கிற நிரல் வழியாக லினக்ஸிலும் ஓட்டலாம் என்று சித்தப்பா பையன் ஆசை காட்டினான். ஓடும், ஓடாமலும் போகும். கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்ய டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்த யுஎஸ்பி டோக்கனும் அதன் டிரைவரும் எனக்குப் பழகிய இடம் விண்டோஸ்தான். ஜிஎஸ்டி படிவங்களுக்குக் கடைசி நாளான மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எனக்குப் பரிசோதனை செய்கிற நாட்கள் இல்லை. கொள்கைக்காக ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாமதமாகப் போட்டால் தாமதக் கட்டணத்தைக் கொள்கையா கட்டும்?

விண்டோஸ் என்றாலே அடிமைத்தனம் என்று பின்னூட்டத்தில் வகுப்பெடுக்க வரும் தம்பிகளுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். அதே மாதிரி, லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது என்று இன்னும் நினைக்கிற மாமாக்கள் ஒருநாள் எங்கள் அப்பாவை வந்து பார்க்கலாம். எழுபத்திரண்டு வயது, இதுவரை ஒரு கட்டளை அடித்ததில்லை.

மகனுக்கு வாலரன்ட் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு வேண்டும். அது லினக்ஸில் ஓடாது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய கீபோர்டு முறைகள் கூடவே வரும், திரையில் தமிழ் கண்ணுக்கு அழகாகவும் இருக்கும். விலையைப் பார்த்துவிட்டு மூடிவைத்தோம்.

மாறப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரிண்டரை முதலில் பாருங்கள். எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் ஏற்றப் போய் சித்தப்பா பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்தான். கடைசியில் அவனே கும்பிடு போட்டுவிட்டான். பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே பிரிண்டரையும் ஸ்கேனரையும் சேர்த்துச் சோதித்திருக்கணும். வானவில், பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக்களையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். டெஸ்க்டாப்பில் இருப்பதை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுங்கள், அதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக இப்போது பிரிண்டர் என் மேசையில். அப்பா மனுவை அடித்து முடித்ததும் பென்டிரைவில் ஏற்றி, அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நாலு எட்டு நடந்து என் அறைக்கு வருகிறார். வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்று ரெண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். “கேஸ் கட்டைக் கையில கொண்டுபோய்க் கொடுத்தாத்தாம்மா கையெழுத்து ஆகும்” என்கிறார்.