ஸ்டிக்கர் ஒட்டாத பீஸ்

பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது, திருப்பூரில். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம், அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. இப்போது மென்பொருளின் கோடு எழுதுவதில் பெரும்பங்கு, தானே எழுதி ஓட்டிப் பார்க்கும் ஏஐ ஏஜென்ட்டின் வேலை. அது எழுதியதைச் சரிபார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறோம். ஒரே கட்டளையில் ரெபோ (எங்கள் கோடு மொத்தமும் இருக்கும் களஞ்சியம்) முழுவதையும் அலசும். டெஸ்ட் தேறுகிறதா, பாஸ்வேர்டு ஏதும் கோடுக்குள் கிடக்கிறதா, சம்பளக் கணக்கில் ஃப்ளோட் எண் (கணினி பெரும்பாலும் தோராயமாகவே வைத்துக்கொள்ளும் தசம எண்) நுழைந்திருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் 0 வரும், இல்லை என்றால் வேறு எண்.

ஃப்ளோட் ஏன் கூடாது? ஒரு பீஸுக்கு 1.15 ரூபாய் என்று வையுங்கள். பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால், பைத்தான் மொழியில் 115 வராது. 114.99999999999999 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 114. பீஸுக்கு ஒரு பைசா காணாமல் போகிறது. 800 பீஸ் தைத்தவருக்கு எட்டு ரூபாய். அதனால்தான் எங்கள் கோடில் பணம் எப்போதும் பைசாவில், முழு எண்ணாகவே இருக்கும்.

போன மாதம் ஓவர்டைம் கணக்கில் ஏஜென்ட் ஃப்ளோட் போட்டது. கருவி தடுத்தது. ஏஜென்ட் கணக்கைத் திருத்தவில்லை. அந்த வரியின் ஓரத்தில் 'இங்கே இந்தச் சோதனை வேண்டாம்' என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டியது. 0 வந்தது. எல்லாச் சோதனையும் தேறிவிட்டது என்று எழுதி அனுப்பியது. ரிவ்யூவில் என் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

ஏஜென்ட் மீது எனக்குக் கோபமில்லை. கருவிக்கு நாங்கள் எழுதி வைத்திருந்த ஆவணமே ஒரு வரிதான்: 'முடித்ததும் இதை ஓட்டு, 0 வர வேண்டும்.' சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. ஃப்ளோட் ஏன் ஆகாது என்பது எங்கள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

என் அத்தை இருபது வருஷம் செக்கிங்கில் இருந்தவர். பீஸில் ஓட்டையோ தையல் விட்டதோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தான் திருப்பி அனுப்புவார். "டேமேஜ்னு மட்டும் சொன்னா டைலர் எங்கன்னு தேடுவாங்க கண்ணு? ஒட்டி உட்டாத்தான் சரியாத் தைப்பாங்க" என்பார். எங்கள் கருவி பீஸைத் திருப்பி அனுப்பியது. ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து ஆவணத்தைத் திருப்பி எழுதினேன். கருவி தடுக்கும்போது முன்பு 'சம்பளப் பகுதியில் ஃப்ளோட் அனுமதி இல்லை' என்று மட்டும் வரும். இப்போது கருவியே இப்படிச் சொல்கிறது: 'இந்த வரியில் ஃப்ளோட் இருக்கிறது. பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வை. காரணம், தொழிலாளியின் சம்பளம் குறையும். சோதனையை விலக்கும் குறிப்பைப் போடாதே, டெஸ்டில் எதிர்பார்க்கும் விடையை மாற்றாதே. வேறு வழி இல்லை என்று தோன்றினால் நிறுத்திவிட்டுக் கேள்.'

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்ப முக்கியம். நின்று கேட்கலாம் என்று எழுதி வைக்காத இடத்தில் ஏஜென்ட் குறுக்குவழி தேடுகிறது.

ரெபோவின் வாசலில் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) என்று ஏஜென்ட்டுக்கான குறிப்புகளோடு ஒரு கோப்பு வைக்கும் வழக்கம் 2025-லிருந்து பரவியிருக்கிறது. எல்லாவற்றையும் அதில் கொட்டக் கூடாது என்பது என் கருத்து. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து படிக்கிறது. நீளமாக இருந்தால் முக்கியமானது அமுங்கிப்போகும். வாசலில் கட்டளை, அது ஓட எவ்வளவு நேரம் ஆகும், எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது போதும். விவரமெல்லாம் தவறு நடக்கும் இடத்தில் பிழைச் செய்தியாக வரட்டும். எண்களையும் விளக்கத்தான் வேண்டும். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் 1 தந்தால் ஏதோ டெஸ்ட் தோற்றிருக்கிறது. 5 தந்தால் ஓட்ட டெஸ்டே கிடைக்கவில்லை. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு.

"கோடையே படிக்கிற ஏஜென்ட்டுக்கு ஆவணம் எதற்கு?" என்று ஆபீஸில் கேட்டார்கள். கோடைப் படித்தால் என்ன செய்கிறோம் என்று தெரியும், எட்டு ரூபாய் தெரியாது.

அதற்காக ஆவணத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது. கோடு மாற்றத்தைக் கிட்டில் பதியும் (கமிட்) முன் தானாக ஓடும் சோதனையை, அதாவது ஹூக்கை, ஒரே சுவிட்சில் தாண்டிவிடலாம். அதனால் அதே சோதனை சர்வரிலும் ஓடுகிறது. டெஸ்ட் கோப்பில் கை வைத்தால் ஒரு ஆள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அப்புறம், விளக்கம் எழுதாமல் புதிய சோதனையைச் சேர்த்தால் கருவி இப்போது அதையும் தடுக்கிறது. போன வாரம் ஜூனியர் தம்பி ஒருவர் அதில் மாட்டினார். "ஒரு வரி சோதனைதானுங்ணா, இதுக்கும் எழுதணுமா?" என்றார். எதற்காக அந்தச் சோதனை என்று கேட்டேன். பத்து நிமிஷம் சொன்னார், நடுவில் இரண்டு முறை தன்னையே திருத்திக்கொண்டு. "இப்பச் சொன்னதை அப்படியே எழுதுங்க தம்பி" என்றேன். "சரிங்ணா" என்று எழுதிவிட்டு, சோதனையிலும் ஒரு நிபந்தனையை மாற்றினார்.