கோல்டு பெயின்டில் தங்கம் கிடையாது

ஹால் சுவருக்குக் கதகதப்பான பொன்னிறம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு, “கோல்டு பெயின்டில் தங்கத் தூள் கலந்திருக்கும், அதனால் எத்தனை வருஷம் ஆனாலும் கருக்காது” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாராவது வெளிக்கேட்டுக்கு அடித்துவிடப் போகிறார்கள்!

கடையில் கிடைக்கும் பொன்னிறப் பெயின்ட் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி, அதாவது பித்தளை. செம்பு கூடக்கூட நிறம் சிவந்த பொன்னாகும். நீங்கள் கேட்கும் அந்தக் கதகதப்பான சாயல் அப்படி வருவதுதான். ஆனால் துலக்காத குத்துவிளக்குக்கு நேர்வதேதான் இதற்கும். மேலே வார்னிஷ் பூசாவிட்டால் ஈரக்காற்றில் பழுப்பேறும், நாளடைவில் ஓரங்களில் பச்சை பிடிக்கும்.

இன்னொரு வகையில் உலோகப் பொடியே இல்லை. மைக்கா என்னும் பளபளப்பான கனிமச் செதில்களின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு பூச்சு. இது கருக்காது. சுவருக்கு இதுவே தோது.

நிஜத் தங்கம்தான் வேண்டுமென்றால் தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிறார்களே, அந்தத் தங்க ரேக்கு இருக்கிறது. அதை வைத்து ஹால் சுவரை மூடும் செலவை நினைத்தாலே மயக்கம் வரும்.

அப்புறம், “அடித்த அன்றே பச்சையாகத் தெரிகிறது, டூப்ளிகேட் பெயின்ட்” என்றவருக்கு: ஒரே நாளில் பித்தளை கருக்காது. முதலில் விளக்கைப் பாருங்கள். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை ட்யூப்லைட்டில் பொன்னிறம் வெளிறி, லேசாகப் பச்சை தட்டித்தான் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு மாட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சண்டைக்குப் போங்கள்.