அழையாமல் வந்த டிஎச்சிபி சர்வர்
யாரோ கொண்டுவந்த சிறு ரவுட்டரின் லேன் போர்ட்டில் அலுவலகக் கேபிளைச் செருகிவிட, கணினிகளுக்கு வலையமைப்பு முகவரி (ஐபி) வழங்க நான் பராமரிக்கும் டிஎச்சிபி சர்வருக்குப் போட்டியாக அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடுகிறது. முகவரி தேடும் கணினி எல்லோருக்கும் பொதுவாகக் குரல் கொடுத்து, பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்கிறது. பதிலளிப்பவர் யார் என்று சரிபார்ப்பதை டிஎச்சிபிக்கான விதிமுறை ஆவணமாக 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 கட்டாயமாக்கவில்லை. தவறான முகவரி பெற்ற பாதிப் பேருக்குப் பிரிண்டரும் கோப்புகளும் எட்டாமல் போகின்றன, பழியோ என் சர்வர்மீது விழுகிறது. அந்த ரவுட்டரைக் கழற்றிய பிறகும், நாமாகப் புதுப்பிக்காவிட்டால், பெற்ற முகவரி செல்லுபடியாகும் குத்தகைக் காலத்தில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு கழியும்வரை அக்கணினிகள் வேறு சர்வரை நாடுவதில்லை என்பதால், ஒவ்வொரு மேசையாகச் சென்று முகவரியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இப்படி அழையாமல் வரும் சர்வர்களின் பதில்களைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை ஸ்விட்சுகளில் இயக்க அனுமதி கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.