டிக்கியில் கிடந்த மூன்று மூட்டை

அம்மாவின் வருஷத் திவசம் முடிந்த பிறகுதான் அவள் பீரோவைத் திறந்தேன். அதுவரை யாருக்கும் கை வரவில்லை. புடவைகளை மூன்று மூட்டையாகக் கட்டி கார் டிக்கியில் வைத்தேன், அந்த வாரமே எங்காவது கொடுத்துவிடலாம் என்று. இரண்டரை மாதம் ஓடிவிட்டது. மூட்டைகள் என்னோடு ஆபீஸ் போயின, காய்கறி வாங்கப் போயின, காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கே போய்த் திரும்பின.

முதலில் ஒரு முதியோர் இல்லத்துக்கு போன் போட்டேன். "உடுத்தின துணி வேணாம்மா, முடிஞ்சா புதுசா நாலு நைட்டி எடுத்துக் குடுங்க" என்றார்கள். அடுத்து ஒரு குழந்தைகள் காப்பகம். அங்கே வாசலிலேயே போர்டு மாட்டியிருந்தது: பழைய துணி வாங்குவதில்லை. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நல்ல புடவையையே வேண்டாம் என்கிறார்களே, என்ன கிராக்கி பாருங்கள் என்று வீட்டுக்கு வந்து புலம்பினேன்.

அன்றைக்கு ராத்திரி 2015 டிசம்பர் ஞாபகம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்து குவிந்த துணியைத் தரம் பிரிக்க நாலு நாள் போயிருந்தேன். ஜிப் போன பேண்ட். ஒற்றை சாக்ஸ். கறை படிந்த உள்பாவாடை. யாரோ ஒரு புண்ணியவான் ஜிகினா வைத்த ஷெர்வானி அனுப்பியிருந்தார், இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு! வந்து கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது லுங்கி, நைட்டி, துண்டு, போர்வை, புது உள்ளாடை. அத்தனை பெரிய குவியலில் லுங்கி ஏழோ எட்டோ தேறியது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் இதே கதைதான். லாரி லாரியாக வந்த பழந்துணி ரோட்டோரம் கிடந்து மிதிபட்டதை டிவியில் பார்த்தோமே. அன்றைக்கு "அவங்களுக்குத் திமிரு" என்று சொன்னவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. முந்தின நாள் வரை கடலில் உழைத்துத் தன் காசில் உடுத்திய குடும்பம், யார் யாரோ கழித்துப் போட்டதை எதற்குக் கட்ட வேண்டும்?

நமக்கு பீரோவில் இடம் வேண்டும். அதற்குத் தானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவராகப் படித்து வளர்ந்த கூட்டம் இல்லையா, வாங்குகிறவருக்கு ஆகுமா என்று கேட்கும் பழக்கமே நமக்கு இல்லை. பேகனாவது தன் தோளில் கிடந்த நல்ல போர்வையைக் கொடுத்தான்.

எங்கள் அபார்ட்மெண்டில் பெருக்குகிற அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "அம்மா புடவைக்கா. இறந்தவங்க துணின்னு உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம்."

"சொல்லிக் குடுக்கிற பாரு, அதுவே போதும். சொல்லாமத்தான் குடுப்பாங்க" என்று மூட்டையைப் பிரித்தார். நாலைந்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட் எங்கம்மா?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. ஜாக்கெட்டையெல்லாம் தனியாக ஒரு பையில் போட்டு பரணில் ஏற்றியிருந்தேன். ஓசிப் புடவைக்கு அவர் காசு போட்டு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம். பட்டைத் தள்ளி வைத்துவிட்டார், "இதைக் கட்டிக்கினு நான் எங்க போறது?" கடைசியில் எடுத்துக்கொண்டது வெளுத்துப்போன சுங்குடி இரண்டு, பேத்திக்குத் தூளி கட்ட. கொடுக்கவே கூச்சப்பட்டு நான் அடியில் ஒளித்து வைத்திருந்தவை அவைதான்.

பழந்துணியை நம் வீடுகள் இழிவாக நினைத்ததே கிடையாது. பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டியைத்தானே. பழைய புடவையை மூட்டை கட்டி பாத்திரக்காரியிடம் கொடுத்து, ஒரு எவர்சில்வர் தூக்குக்காக அம்மா ஒரு மணி நேரம் பேரம் பேசுவாள். இரண்டு பேருக்கும் அதில் கௌரவக் குறைச்சல் கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சட்டையைப் பிரித்து, காலரைத் தடவி, விலை குறைத்து வாங்குகிற மனிதரைப் பாருங்கள், என்ன மிடுக்கு!

டெல்லியில் அன்ஷு குப்தா 1999-இல் 67 துணிகளோடு கூஞ்ச் அமைப்பைத் தொடங்கியபோது இந்தக் கௌரவத்தைத்தான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து கிணறு வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி போகும். கிழிந்த பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, மாதவிடாய்க்கு உதவும் அணையாடையாகத் தைக்கிறார்கள். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் அவர்கள் துணி சேகரிக்கிறார்கள். ஒரு மூட்டை அங்கே போனது, துவைத்து மடித்துத்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கட்டுகிறவருக்கு மட்டுமே சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவர் கசக்க வேண்டாமா?

அன்புச் சுவர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2015-இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் தொடங்கிய யோசனை, நம் நெல்லை வரைக்கும் வந்தது. வேண்டாததை மாட்டு, வேண்டியதை எடு, யாரும் யாருக்கும் கைநீட்ட வேண்டாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் தினமும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் பார்த்த ஒரு சுவரில் (ஊர் பெயர் வேண்டாமே) இரண்டு மழைக்குப் பிறகு துணியெல்லாம் கீழே ஈரக் குவியலாகக் கிடந்தது, அதன்மேல் ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது. நாய்க்கென்றே கொடுப்பதாக இருந்தால் பிராணிகள் காப்பகத்தில் கேளுங்கள், பழைய பெட்ஷீட்டும் துண்டும் வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. மெக்கானிக் ஷெட்டில் பருத்தி மட்டும்தான் எடுப்பார்கள், பாலியெஸ்டர் வேண்டாமாம். எதற்கும் தேறாததைப் போகிக்கு முன்னால் மாநகராட்சி வண்டியில் போடுங்கள், கொளுத்தாதீர்கள்.

பரணில் இருந்து ஜாக்கெட் பையை இறக்கி, புடவைக்குப் புடவை ஜோடி சேர்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, பாதி நேரம் அழுகையில். பாக்கி இருப்பது பதினான்கு ஜோடி. ஜாக்கெட் அளவு 40, முழங்கை வரை கை, அறுந்த ஹூக்கெல்லாம் தைத்தாயிற்று. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் யாருக்காவது ஆகும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வந்து பிரித்துப் பாருங்கள், பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காபி தருகிறேன்.