என் பையன் படிச்சுட்டுத்தான் இருக்கான்

நான் போட்டிருந்த என் பையன் போட்டோவை நீக்கிட்டேன். சந்தோஷமா?

என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், திரும்ப ஆரம்பத்துல இருந்து சொல்லப்போறதில்ல. மோட்டார் காயில் கட்டுற கடையில பையன் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கான், அவ்வளவுதான் படம். அதுக்குக் கீழ 'குழந்தைத் தொழிலாளர்'னு ஒருத்தர் கமெண்ட். 'குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு அடிங்க'ன்னு இன்னொருத்தர். அதுகூடப் பரவால்ல. 'நவீன குலக்கல்வி'ன்னு ஒருத்தர் எழுதினதுக்கு வரிசையா ஹார்ட் விட்டீங்க பாருங்க. அதுல என் சொந்தக்காரங்களும் இருந்தாங்க.

என் பையன் படிக்கிறான். ஸ்கூலுக்குப் போறதில்ல, ஆனா படிக்கிறான்.

கடையில அவன் என்ன பண்றான்னு யாராச்சும் கேட்டீங்களா? வாரத்துல மூணு நாள், காலைல பத்துல இருந்து பன்னெண்டு. சம்பளம் கிடையாது. நான்தான் ஃபீஸ் மாதிரி ஏதாவது தர்றேன்னு போனேன், அந்த அண்ணன் வாங்கல. எரிஞ்சுபோன சீலிங் ஃபேனைப் பிரிச்சு, பழைய கம்பியில எத்தன சுத்துன்னு எண்ணி நோட்டுல எழுதணும். ரன்னிங் காயில் தனி, ஸ்டார்ட்டிங் காயில் தனி. மொத தடவை எண்ணிக்கை தப்பிருச்சு. கட்டி முடிச்சு ஓட விட்டா, பத்து நிமிஷத்துல கை வைக்க முடியாத சூடு. அண்ணன் திட்டல. "பிரிச்சுரு சாமி"ன்னாராம். அழுதுட்டே பிரிச்சிருக்கான்.

வீட்டுக்கு வந்து, "சுத்து குறைஞ்சா ஏம்மா சூடாகுது?"ன்னான். எனக்குத் தெரியல. ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல 200க்கு 196 வாங்கினவ நான். ரெண்டு பேருமா உக்காந்து ஓம் விதியில இருந்து ஆரம்பிச்சு, சுத்து குறைஞ்சா கரண்ட் ஏறும்கறதுக்கு வந்து சேர ரெண்டு நாளாச்சு. இதுக்குப் பேரு படிப்பு இல்லைன்னா வேற என்னன்னு சொல்லுங்க.

இதே பையன் ஆறாவதுலயே நீட் ஃபவுண்டேஷன் கிளாஸ்ல ராத்திரி எட்டு மணி வரைக்கும் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருந்தா ஒருத்தரும் 1098க்கு அடிக்க மாட்டீங்க. சூப்பர் அம்மான்னு சொல்லியிருப்பீங்க.

சரி, குலக்கல்வி. 1953ல ராஜாஜி கொண்டு வந்தது கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் எதிர்த்து நின்னார், 1954ல காமராசர் வந்ததும் தூக்கிப் போட்டார். இதை எனக்கு நீங்க சொல்லித் தரணுமா? எங்க தாத்தா பண்ணையத்துக்கு ஆளா இருந்தவர், கைநாட்டு. எங்கப்பா அந்தக் காமராசர் போட்ட மதியச் சோத்துக்காகப் பள்ளிக்கூடம் போய், மில்லுல சேர்ந்து, என்னை இஞ்சினியரிங் வரைக்கும் கொண்டு வந்தவர். எங்க வம்சத்துல எவனும் காயில் கட்டினதில்லைங்க. இவனா கேட்டுப் போனான். அப்பன் தொழில்ல பிடிச்சுத் தள்ளுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க இல்ல நீங்க. அதான் வலிக்குது.

'சர்டிபிகேட்?' என்ஐஓஎஸ் இருக்கு, மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி போர்டு. 14 முடிஞ்சா பத்தாவது எழுதலாம், அஞ்சு பாடம். அடுத்த வருஷம் எழுதுவான்.

'சட்டம்?' 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தை நானும் படிச்சேன். 6 வயசுல இருந்து 14 வரைக்கும் பள்ளியில சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு இருக்கு. மீறினா அவங்களுக்குத் தண்டனைன்னு எதுவும் இல்ல. நழுவுறேன்னு தோணுதா, தோணட்டும்.

'வசதி இருக்கு, ஆடுற.' ஆமா, இருக்கு. வீட்டுக்காரர் சம்பளத்துல குடும்பம் ஓடுது, நான் வீட்டுல இருக்கேன். கூலிக்குப் போற அம்மாவால இது முடியாது, அவ பிள்ளைக்கு அரசுப் பள்ளிதான் எல்லாமும். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்காக என் பிள்ளையைத் திரும்ப அங்க அனுப்பணுமா?

'நாலு பேரோட பழக வேண்டாமா?' நல்லாப் பழகினான். ஆறாவதுல பொம்மைக் கார் மோட்டாரை வச்சு ஒரு குட்டி ஃபேன் செஞ்சு ஆசையா எடுத்துட்டுப் போனான். குப்பைத் தொட்டியில போட்டாங்க. டயரியில 'வகுப்பில் கவனமில்லை, பெற்றோர் கையொப்பம்'. நானும் போட்டேன், கையெழுத்து. பையனையும் திட்டினேன். அந்த டயரி இன்னும் பீரோவுல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவன் எதையும் பிரிச்சுப் பாக்கல. அப்ப எந்த நம்பருக்கு அடிச்சிருக்கணும்?

நேத்து சாயந்தரம் கடைக்கார அண்ணன் வீட்டுக்கே வந்துட்டார். யாரோ படத்தைக் காட்டியிருக்காங்க. செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னுட்டு, "கொஞ்ச நாளைக்குத் தம்பி வர வேண்டாங்க. நமக்கெதுக்குங்க வம்பு"ன்னார். காபி சாப்பிட்டுப் போங்கண்ணான்னேன், வேண்டாம்னுட்டார். இத்தன நாளா என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர், என்னமோ தப்புப் பண்ணின மாதிரி தலையைக் குனிஞ்சுட்டு நின்னார்.

பையன் கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டான். இன்னைக்குக் காலைல ஒம்பதரைக்கே குளிச்சு, வார்னிஷ் கறை பட்ட அந்தச் சட்டையைப் போட்டுட்டு, நோட்டை மடியில வச்சு உக்காந்திருக்கான்.

"டேபிள் ஃபேன் ஒண்ணு பாதியில இருக்கும்மா"ங்கறான்.