மின்மனுவுக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும்
ஓட்டுப் போட்டபின் அடுத்த தேர்தல் வரை கனடியர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கனடா மக்களவையின் மின்மனு முறை, அதாவது இணையம் வழியாகக் கையெழுத்துத் திரட்டி மனுக் கொடுக்கும் முறை, 2015 டிசம்பரிலிருந்தே நடப்பில் இருக்கிறது. ஐந்து ஆதரவாளர்கள், பொறுப்பேற்க ஒரு எம்.பி., 500 கையெழுத்து இருந்தால் போதும். எம்.பி. அதைச் சபையில் தாக்கல் செய்துவிட்டால் 45 நாளுக்குள் அரசு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் விஷயம் எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுவுக்குப் போகும். பலர் கோட்டை விடுவது கையெழுத்தில்தான்: மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்யாவிட்டால் அது கணக்கில் சேராது. நாடாளுமன்றம் கலைந்தால் பதில் தர வேண்டிய கடமையும் அரசுக்கு இல்லாமல் போய்விடும். அதனால் தேர்தல் நெருங்கும்போது கையெழுத்துத் திரட்ட 120 நாள் அவகாசத்தை விட்டு 30 நாளையே தேர்ந்தெடுங்கள். பதில் பல சமயம் மழுப்பலாகத்தான் வருகிறது, அது கோபமூட்டும் விஷயம்தான். ஆனாலும் அமைச்சரோ, அவருக்கு உதவும் எம்.பி.யான நாடாளுமன்றச் செயலரோ கையெழுத்திட்ட பதிவு அது, யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம்.